நெய்யாற்றின் அடிமண்ணும் சுளுக்குக் களிம்பும்

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மே மாதம், நெய்யாற்றின் அடிமண்ணில் மருந்து தங்கியிருக்கிறதா என்று பார்க்கப் போனேன். நாம் விழுங்குவதும் பூசுவதும் கடைசியில் எங்கே போய்ச் சேருகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. ஜூன் மழை இறங்கிவிட்டால் மண் புரண்டுவிடும், அப்புறம் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து காலை ஆறு மணி பஸ். கழுவி, சூட்டில் உலர்த்திய மூன்று கண்ணாடிப் பாட்டில்களை மடியிலேயே வைத்திருந்தேன். இரண்டு இடத்துக்கு இரண்டு, உடைந்தால் ஒன்று. ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தாண்டி உதியன்குளங்கரையில் இறங்கி, மீன்காரர்களிடம் பத்து ரூபாய்க்கு ஐஸ் வாங்கி, மண்ணைக் குளிராக வைக்கக் கொண்டுபோன பெட்டியில் நிரப்பினேன். (மதியம் வரைதான் தாங்கும், கூடுதலாக வாங்குங்கள்.) ஆட்டோ ஓட்டும் சுகுமாரன் அண்ணன் நாள் முழுக்க இருநூறு ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார்.

ஆரியங்கோட்டில் ரப்பர் தோட்டத்துக்குக் கீழே முதல் மண்ணைச் சிக்கலில்லாமல் எடுத்தேன். இரண்டாவது இடம் நெய்யாற்றின்கரை ஊரைத் தாண்டி, அண்ணன் வீட்டுக்குப் பின்புறம்.

"இங்கன எடு மக்கா. எங்க கெணறு இதுக்குப் பக்கத்திலாக்கும். பிள்ளைகளு குடிக்கது அந்த வெள்ளந்தான்," என்றார்.

சேற்றில் கால் வழுக்கி நான் தடுமாறினேன். உடனே அவர் இறங்கி, என் கரண்டியை விட்டுவிட்டு வெறுங்கையால் மண்ணை அள்ளிப் பாட்டிலில் போட்டுவிட்டார். மூடும்போதுதான் ஒரு மருந்து வாசனை மூக்கில் ஏறியது.

"கையில என்ன அண்ணே?"

"சுளுக்காக்கும். காலைல களிம்பு தேய்ச்சேன். எதுக்கு?"

நான் தேடி வந்த வலி மருந்துதான் அந்தக் களிம்பிலும் இருப்பது. உதவ வந்தவரிடம் கோபிக்கவும் முடியவில்லை. விஷயத்தைச் சொன்னதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கரையேறி நின்றார். அந்த மண்ணைக் கொட்டிவிட்டு, மிச்சமிருந்த ஒரே பாட்டிலுடன் ஆற்றின் மேல்பக்கமாகக் கொஞ்சம் நடந்து, அவர் இறங்காத இடமாகப் பார்த்து மறுபடி எடுத்தேன்.

திரும்பும்போது அவர் ஒன்றுதான் கேட்டார். "மண்ணில உண்டும்னா, கெணத்திலயும் உண்டா?"

"தெரியாது அண்ணே."

முடிவு வர இரண்டு மாதம் ஆனது. ஆரியங்கோட்டு மண்ணில் ஒன்றுமில்லை. அண்ணன் வீட்டுக்குப் பின்னால் எடுத்ததில் அந்த வலி மருந்து மிகக் கொஞ்சம் இருந்தது. களிம்பின் மேல் பழியைப் போட வழியில்லாமல் போனதே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

இப்படி மண் எடுக்கப் போகிறவர்கள் பாட்டில் கூடுதலாகக் கொண்டுபோங்கள். கூட வருகிறவர் அன்றைக்கு என்ன மருந்து பூசினார் என்று ஆற்றில் இறங்குமுன் கேளுங்கள். முடிவு வந்ததும் அந்த ஊருக்கே திரும்பிப் போய்ச் சொல்லுங்கள், அந்தப் பஸ் செலவையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

நான் போனேன். "கொதிக்க வச்சா போவுமா மக்கா?" என்றார் அண்ணன். போகுமென்று சொல்ல முடியாது, அவ்வளவு கொஞ்சமாக இருந்தால் உடம்புக்குக் கெடுதலா என்பதும் தெரியாது என்றேன். அவர் மனைவி, வெயிலில் வந்தவள் என்று ஒரு தம்ளர் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பயமாகத்தான் இருந்தது. வாங்கி முழுதும் குடித்தேன். பிறகு பையிலிருந்த வெற்றுப் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தேன்.