ஆறாம் அறையின் மணி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் விலங்கியல் படித்தவள். பார்த்ததைப் பார்த்தபடி குறித்துத்தான் பழக்கம். கீழே உள்ள நேரங்கள் எல்லாம் அன்றே என் டூட்டி நோட்டில் எழுதியவை.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு முதியோர் இல்லம். பெயர் வேண்டாம். போன நவம்பரில் அங்கே உதவியாளராகச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஆறாம் அறையில் ராஜவேல் ஐயா தனியாக இருந்தார். ஒரு காலத்தில் மில்லில் வேலை பார்த்தவர். ஒரு நாளைக்குப் பத்து முறை தலைமாட்டு மணியை அடிப்பார். ஓடிப்போய்க் கேட்டால், “ஒண்ணுமில்ல, சும்மாதான்” என்பார்.

தனிமையை அறிய எங்களிடம் ஒரு படிவம் உண்டு. மூன்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் மூன்று மதிப்பெண். மொத்தம் ஆறைத் தாண்டினால் நாலு பேர் இருக்கும் பொது அறைக்கு மாற்றிவிடுவார்கள். ஐயாவுக்கு அதை நிரப்புவது என் வேலை. உங்களுக்கு யாரும் இல்லையா என்று ஒருவரிடம் எப்படிக் கேட்பது? கூச்சம். மூன்று நாள் தள்ளிப்போட்டேன்.

நான்காம் நாள். மாலை ஷிப்ட். வெளியே மழை இருட்டு. 4:02-க்குக் கையெழுத்துப் போட்டேன். சிஸ்டர் செந்தமிழ்ச்செல்வி போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு நேராக ஆறாம் அறைக்குப் போனேன்.

4:05. ஐயா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“மூணு நாளா அந்தப் பேப்பர தூக்கிக்கினு சுத்தறியே. பரீட்சையா?”

சிரித்துவிட்டேன். ஆக்ஸிமீட்டரை அவர் விரலில் மாட்டினேன். எண் வரவில்லை. இரண்டு கோடுகள். என் விரலில் மாட்டினேன். 98. மறுபடி அவருக்கு... கோடுகள். விரல் சில்லிட்டிருந்தால் அப்படி வரும்.

சில்லிட்டுத்தான் இருந்தது.

அவர் உட்கார்ந்த இடத்தில் விரிப்பு கசங்கவே இல்லை. ஹாலில் டிவி ஓடும் நேரம். சத்தமே கேட்கவில்லை.

முதல் கேள்வியை வாசித்தேன். பேச ஆள் இல்லை என்று தோன்றுகிறதா?

“எனக்கு எதுக்குமா இனிமே? உனக்குத் தோணுதா?”

பேனா மூடியைத் திறந்தேன்.

“இன்னிக்கு வந்ததுலேர்ந்து யாராண்டயாவது பேசினியா?”

“இல்லைங்க ஐயா.”

“பேசிருந்தா இங்க வந்திருக்க மாட்ட.”

கர்ர்... கர்ர்...

பேனா கீறும் சத்தம். என் பேனா. அவர் கையில்.

நான் எப்போது கொடுத்தேன்?

4:11.

மணி அடித்தது.

தலைமாட்டு ஸ்விட்சை யாரும் தொடவில்லை...

கதவு திறந்தது. சிஸ்டர்.

“இங்க இன்னா பண்ற? மணி அடிச்சது நீயா?”

“ஐயாவுக்கு...”

“அவர மதியமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போயிட்டாங்களே. மூணு இருபதுக்கு முடிஞ்சிபோச்சாம். இப்பதான் போன் வந்துது. நீ யாரையும் கேக்கலியா?”

திரும்பினேன்.

காலிக் கட்டில். அதன் மேல் படிவம். மூன்று... மூன்று... மூன்று. ராஜவேல் என்று நான் எழுதியிருந்த பெயர் அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் என் பெயர். சத்யப்பிரியா. அவர் என் பெயரைக் கேட்டதே இல்லை.

மறுநாள் ஐந்தாம் அறை பச்சையம்மாளிடம் போய் உட்கார்ந்தேன். படுக்கையை விட்டு எழ முடியாதவர். நானாகப் போய்ப் பேசிய முதல் ஆள் அவர்தான்.

“ஒன்னே முக்கால்லேர்ந்து பக்கத்து ரூம்ல மணி அடிச்சிக்கினே இருந்துச்சுமா. எண்ணினேன். பதினோரு தபா. சும்மாதான் அடிக்கறாருன்னு யாரும் போவல. அப்புறம் சாப்பாட்டுத் தட்டு எடுக்கப் போனவங்கதான் பாத்துத் தூக்கிக்கினு போனாங்க.”

ஆறாம் அறைப் பக்கத்துச் சுவரைக் கைகாட்டினார்.

“நாலு மணிக்கு மேல பன்னெண்டாவது தபா அடிச்சப்பதான் ஓடியாந்தாங்க. அப்ப கட்டில்ல ஆளில்ல.”