சம்பந்திக்காகப் படித்த ஆங்கிலம்

அந்தமானில், போர்ட் பிளேர் குட்வில் எஸ்டேட்டில் சிமென்ட், பைப், பெயின்ட் விற்கும் பக்தவத்சலம் ஐம்பத்தாறு வயதில் மறுபடி தோளில் பையை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனார் என்றால், அதற்குக் காரணம் மகள் கார்த்திகா. மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனவள், படிப்பை முடித்த கையோடு கிரெக் என்ற வெள்ளைக்காரப் பையனையும் பேசி முடித்துவிட்டாள். பையனின் அப்பா அம்மா ஜனவரியில் பெண் வீடு பார்க்க வருகிறார்கள் என்று போனில் சொன்னாள்.

மாப்பிள்ளை வெள்ளைக்காரன் என்பதில் பக்தவத்சலத்துக்கு வருத்தம் ஒன்றுமில்லை. கடைத்தெரு முழுக்க அவரே சொல்லியாகிவிட்டது. சம்பந்தியோடு பேச இங்கிலீஷ் இல்லையே என்பதுதான் கவலை. வங்காளியோடும் தெலுங்கரோடும் தீவு ஹிந்தியில் நாள் முழுக்கப் பேரம் பேசுகிறவருக்கு இங்கிலீஷ் பில் போடுகிற அளவோடு சரி.

ஸ்பீக்கிங் கோர்ஸ் நடத்திய ஸ்ரீதர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். சென்னையைத் தாண்டி அவர் போன ஒரே வெளியூர் போர்ட் பிளேர்தான். ஆனாலும் லண்டனில் மழை பெய்தால் இங்கே குடை விரிக்கிற மாதிரியான நம்பிக்கை அவருக்கு உண்டு. விஷயத்தைக் கேட்டதும், வெறும் இங்கிலீஷ் போதாது, பிரிட்டிஷ் பண்பாடும் பாரம்பரியமும் சேர்ந்த ஸ்பெஷல் பேட்ச்தான் உங்களுக்குச் சரி என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த வகுப்பில் காலேஜ் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து பக்தவத்சலம் கற்றவை ஏராளம். வெள்ளைக்காரரிடம் சம்பளம், வயது, எத்தனை பிள்ளை என்பதையெல்லாம் கேட்கக் கூடாது. நம்மை அவர் இடித்தாலும் நாம்தான் ஸாரி சொல்ல வேண்டும். பேச விஷயம் இல்லையென்றால் மழையைப் பற்றிப் பேசலாம், விஷயம் இருந்தாலும் முதலில் மழையைப் பற்றித்தான் பேச வேண்டும். டீயைச் சத்தம் வராமல் குடிக்க வேண்டும். ஸ்கோன் என்ற பலகாரத்தை எப்படி வெட்டுவது என்பதை ஸ்ரீதர், தானும் கண்டதில்லை என்பதால், பேக்கரி பன்னை வைத்துக் காட்டினார்.

ஒருநாள் பக்தவத்சலம் எழுந்து, இவ்வளவு மரியாதைப்பட்டவர்கள் நம் ஊரில் இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டார். அது சிலபஸில் இல்லை என்றார் ஸ்ரீதர்.

பாரம்பரியத்தை நேரில் காட்ட, வெள்ளைக்காரர்களின் பழைய தலைமையிடமான ராஸ் தீவுக்கும் அழைத்துப் போனார்கள். ஆலமர வேர் கவ்விய தேவாலயச் சுவரைப் பார்த்துக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது, அங்கே ஆளுக்குப் பயப்படாமல் திரியும் மான் ஒன்று பக்தவத்சலத்தின் ஜெராக்ஸ் தாள்களில் கடைசிப் பாடத்தைத் தின்றுவிட்டது. ராஜ குடும்பத்தாரிடம் பேசும் முறை அதில் இருந்தது. நல்லவேளை, சம்பந்தி அந்த அளவுக்குப் போகமாட்டார் என்று சமாதானப்படுத்திக்கொண்டார்.

ஜனவரியில் மகளும் மாப்பிள்ளையும் சம்பந்திகளை அழைத்து வந்தார்கள். அப்பா பெயர் பாரி, அம்மா லிண்டா. பாரி தமிழ்ப் பேர் மாதிரியே இருக்கிறதே என்று பக்தவத்சலத்தின் மனைவி ஜெயலட்சுமி அப்போதிருந்தே பாரி அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். பக்தவத்சலம் பூப்போட்ட கோப்பைகளில் டீயை வைத்து, மழை எப்படி என்று கேட்டார். ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தியது. பாரி ஏதோ நீளமாகச் சொன்னார். வகுப்பில் கேட்ட இங்கிலீஷுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கிரெக்கே பாதி நேரம் அப்பா என்ன சொல்கிறார் என்று திரும்பக் கேட்டான். பக்தவத்சலம் பாதுகாப்பாக ஸாரி என்றார். கார்த்திகா மொழிபெயர்த்தாள்: பாரிக்கு டீ பிடிக்காதாம், பீர் இருக்கிறதா என்று கேட்கிறாராம்.

இரண்டு நாள் இப்படி மழையும் மன்னிப்புமாகவே போனது. மூன்றாம் நாள் காலையில் பாத்ரூமில் கேட்வால்வ் உடைந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது. முனிசிபாலிட்டி தண்ணீர் முறைவைத்து வருகிற ஊரில் அது சாதாரண நஷ்டமில்லை. பக்தவத்சலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினால், பாரி அங்கே ஏற்கனவே முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முப்பது வருஷம் பிளம்பர் என்பதை மகள் சொல்லவே இல்லை. அப்பா என்ன நினைப்பாரோ என்று மறைத்திருந்தாளாம். “எல்போ,” என்றார் பாரி. பக்தவத்சலம் பைப் வளைவை எடுத்துக் கொடுத்தார். டீ, யூனியன், ரெட்யூசர், டெஃப்லான் என்று பைப் சாமான்களின் பெயரிலேயே பேச்சு வளர்ந்தது. மதியம் இருவரும் கடைக்கே போய் ரேக் ரேக்காகப் பார்த்து, சாயங்காலம்வரை வீடு திரும்பவில்லை. இவ்வளவு இங்கிலீஷ் தன்னிடம் இருந்தது பக்தவத்சலத்துக்கே தெரியாது.

அடுத்த நாள் பாரி செல்லுலார் ஜெயிலைப் பார்க்க வேண்டும் என்றார். வெள்ளைக்காரர்கள் நம்மவர்களை அடைத்துவைத்த இடத்தைச் சம்பந்திக்கு எப்படிக் காட்டுவது என்று பக்தவத்சலம் ஸ்ரீதருக்குப் போன் போட்டார். அது சென்சிடிவ் டாபிக், ஹேவ்லாக் பீச்சுக்குக் கூட்டிப் போங்கள் என்று அவர் யோசனை சொன்னார். போனார்கள். பாரி வெயிலில் வெந்து இறால் நிறத்தில் திரும்பி வந்து, ஜெயில் எப்போது என்று கேட்டார்.

ஜெயிலில் வரிசையாக நின்ற அறைகளின் முன்னால் பாரி நின்று நின்று நடந்தார். பிறகு, உங்கள் குடும்பம் இந்தத் தீவுக்கு எப்படி வந்தது என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு பக்தவத்சலத்திடம் இரண்டு பதில் உண்டு. ஊருக்குச் சொல்வது, பாட்டனுக்குப் பாட்டன் வெள்ளைக்காரனை எதிர்த்ததால் நாடு கடத்தப்பட்ட தியாகி என்பது. கிணற்றுத் தண்ணீர் முறைக்காகப் பங்காளியை அரிவாளால் வெட்டி, இந்த ஜெயில் கட்டுவதற்கு முன்பே விலங்கோடு வந்து இறங்கியவர் என்பது வீட்டுக்குள் இருப்பது. முதலாவதைச் சொன்னால் சம்பந்தி மனம் புண்படும், இரண்டாவதைச் சொன்னால் சம்பந்தமே போகும். யோசித்து, “கவர்மென்ட் டிரான்ஸ்ஃபர்,” என்றார்.

கார்த்திகா சிரித்துவிட்டாள். ஜெயலட்சுமிக்குப் பொறுக்கவில்லை.

“என்னங்க, சொந்தம் ஆகப் போறவங்ககிட்ட போய் ஜூட்டும் பொய்யுமா சொல்லிக்கிட்டு. மத்லப், என்ன சொல்றேன்னா, நாளைக்குத் தெரியாமலா போகும்?” என்றவள், பாரியின் பக்கம் திரும்பி, கையை அரிவாள்போல் ஓங்கி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள்: “மர்டர், அண்ணே. ஒன்லி ஒன்.”

லிண்டா வாயைப் பொத்திக்கொண்டார். பாரி ஒரு நிமிஷம் ஜெயலட்சுமியையே பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். கார்த்திகா அவர் சொல்லச் சொல்லத் தமிழில் சொன்னாள். அவருடைய பாட்டனுக்குப் பாட்டனும் கைதிதானாம். ஆடு திருடினதற்காகக் கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்களாம். ஆள் திரும்பவேயில்லை. ஊரில் நின்றுவிட்ட பெண்டாட்டி பிள்ளைகளின் வழியில் வந்தவர்கள் இவர்கள். அவர் கடலில் மூழ்கிப்போன மாலுமி என்றே மூன்று தலைமுறை வெளியில் சொல்லிவந்தார்களாம். “உங்களை மாதிரியே நாங்களும் யார்கிட்டயும் சொல்றதில்லைன்னு சொல்றார்ப்பா,” என்றாள் மகள்.

பக்தவத்சலம் பாரியின் தோளில் கை போட்டார். ஆளைத் தொடக் கூடாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். பாரியும் அவர் தோளில் கை போட்டார். இரண்டு பேரும் அப்படியே நடந்து வெளியே போய் இளநீர் குடித்தார்கள், நல்ல சத்தத்தோடு.

நிச்சயதார்த்தம் அந்த வாரமே முருகன் கோயிலில் நடந்தது. அங்கே எடுத்த படத்தைக் கேட்டு வாங்கி, எங்கள் மாணவரின் சாதனை என்று ஸ்ரீதர் பேனர் போட்டார்.

சம்பந்திகள் பிளேன் ஏறிய அன்று, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஜெயலட்சுமிக்கு திடீரென்று ஒரு விசாரம் வந்தது.

“ஏங்க, ஆயிரம் இருந்தாலும் ஆட்டுத் திருடன் வீட்ல பொண்ணைக் குடுக்கிறோமே. நம்ம அந்தஸ்து என்ன ஆகறது?”

பக்தவத்சலம் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

“பர்வா நஹி, போகட்டும் விடு. எல்லாருக்கும் நம்மள மாதிரி பரம்பரை அமையுமா? அனுசரிச்சுத்தான் போகணும்,” என்றார்.