சுண்டுராணியின் ஆயாவுக்கு முகம் வந்த கதை

அந்த வீட்டில் நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த அன்று, கதவைத் திறந்ததுமே நாற்றம் முகத்தில் அறைந்தது. நோயாளி இருக்கும் வீட்டின் வாடை எனக்குப் புதிதில்லை. இது ஆளில்லாமல் விட்ட வாடை. மாற்றாத டயப்பர், ஊறிப்போன மெத்தை, எல்லாவற்றுக்கும் மேல் யாரோ தாராளமாக அடித்துவிட்டுப் போன ரோஜா சென்ட். மலத்தின் மேல் ரோஜாவைத் தெளித்தால் இரண்டுமே இன்னும் மோசமாகும். எனக்குக் குமட்டியது அந்த ரோஜாவால்தான்.

கட்டிலில் கிடந்தவர் ஓவியர். பக்கவாதத்தில் இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. முகத்திலும் அந்தப் பாதி தொங்கிக் கிடந்தது. வரைகிற வலது கை தப்பித்திருந்தது. புரட்டிப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

“இதுக்கு முன்னாடி உங்களை யார் பார்த்துக்கிட்டா சார்?”

“ஒருத்தர் இருந்தாரு. அவர் டிவியைத்தான் பார்த்துக்கிட்டாரு.”

வாய் கோணியிருந்தாலும் பேச்சு கோணவில்லை. இந்த ஆளோடு காலம் தள்ளலாம் என்று அப்போதே முடிவு செய்தேன். மெத்தையைத் தூக்கி வெயிலில் போட்டு, சென்ட் பாட்டிலைக் குப்பையில் போட்டு, அவரைத் துடைத்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. இளவயதில் சோப்பு உறைக்கும் பிஸ்கட் டப்பாவுக்கும் படம் வரைந்து பிழைத்தவர். ஒருமுறை பிஸ்கட் டப்பாவுக்காக ஒரு குண்டுப் பெண் குழந்தையை வரைந்தார். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்த அவருடைய அக்கா அதைப் பார்த்துவிட்டு, “இவ தலையில ஒரு கிரீடத்தை வைடா” என்றாராம். சுண்டுராணி பிறந்தது அப்படித்தான். அக்கா கதை எழுதுவார், தம்பி படம் போடுவார். ஐந்து வயது ராணி. காது வரை சரிந்த கிரீடம். கண்டதெல்லாம் வேண்டும், கேட்டதற்கெல்லாம் பதில் வேண்டும். யானையின் காதுக்குள் என்ன இருக்கிறது? மந்திரி ஏன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்? எனக்கு வேணும், இப்பவே வேணும், ஏன் இல்லை? குழந்தைகளின் புத்தகப் பையிலும் தண்ணீர் பாட்டிலிலும் அந்தக் குண்டு முகம்தான். அக்கா மேடை மேடையாக ஏறினார். தம்பி இந்த அறையை விட்டு எங்கும் போகவில்லை.

அவர் தூங்கும் நேரத்தில் அந்தப் புத்தகங்களை எல்லாம் படித்தேன். அந்த ராணியின் முதுகில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. கூடவே இன்னொன்றும் கண்ணில் பட்டது. ராணிக்குத் தலை வாருவதும், மூக்குச் சிந்திவிடுவதும், கொட்டிய பாலைத் துடைப்பதும் ஓர் ஆயா. எந்தப் புத்தகத்திலும் அவளுக்கு முழங்கைக்கு மேல் ஒன்றுமில்லை. பக்கத்தின் ஓரத்திலிருந்து இரண்டு கைகள் மட்டும் நீளும்.

“இந்தப் பொம்பளைக்குத் தலை எங்க சார்?”

“அக்கா வேண்டாம்னுட்டா. குழந்தைங்க கண்ணு ராணி மேலயே இருக்கணுமாம்.”

“தலையே இல்லாதவதான் அடுத்தவளுக்குத் தலை வாரி விடறாளாக்கும்.”

அன்று சாப்பிடும்போது அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சி தாடையில் வழிந்தது, துடைத்துவிட்டேன்.

புண் ஆறத் தொடங்கியதும் முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்து, மடியில் பலகையைப் போட்டேன். வரைகிற நாளில் பேசாமல் மருந்தைக் குடிப்பார், இரண்டு கரண்டி கூடுதலாகச் சாப்பிடுவார். வரையாத நாளில் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கரண்டியைத் தட்டிவிடுவார். எனக்கு வரைகிற நாள்தான் வசதி. ஒரு சங்கடமும் உண்டு. ஒருநாள் துணி அலசிவிட்டு வந்து பார்க்கிறேன், தூரிகையை மூத்திர பாட்டிலுக்குள் விட்டுக் கலக்கிக்கொண்டிருக்கிறார்.

“சார்! அது என்ன பாட்டில்னு தெரியுதா?”

“தண்ணின்னு நெனச்சேன்.” படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “இருந்தாலும் கிரீடம் நல்லா பளபளன்னு வந்திருக்கே!”

கிரீடத்தோடு சேர்த்து ராணியையும் குப்பையில் போட்டேன்.

புதுக் கதையோடு அக்கா வந்தார். கஞ்சி போட்ட சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது. கேட்டிலிருந்தே மூக்கில் கைக்குட்டை. வந்தவர் வாசற்படியைத் தாண்டவில்லை. தம்பியின் கட்டில் வரை அவர் ஒருமுறை கூட வந்ததில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. படியில் நின்றே கதையைப் படித்தார். சுண்டுராணி தங்கச் சட்டியில் உட்கார்ந்து எழுகிறாள். இது எங்கே போகிறது, யார் எடுத்துப் போகிறார்கள், ஏன் என்று கேட்கிறாள். இரண்டு கைகள் சட்டியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகின்றன. மறுநாள் அங்கே ரோஜா பூக்கிறது.

“ரோஜாவா?” என்றார் தம்பி.

“குழந்தைங்க கதைடா.”

“யார் கொண்டுபோறா?”

“அதான் கை இருக்கே.”

“கைக்கு மேல?”

“என்னடா கேள்வி மேல கேள்வி? நீ என்ன சுண்டுராணியா?”

“இந்தத் தடவை ஆயாவுக்கு மூஞ்சி வைக்கப் போறேன்க்கா. மூக்கைச் சுளிச்சிக்கிட்டு, மூச்சைப் பிடிச்சிக்கிட்டு.”

“சீ, கண்றாவி! அதை எவன் வாங்குவான்? நான் சொன்னதை வரை. இல்லேன்னா கம்ப்யூட்டர்ல வரையற ஆளு ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட குடுத்துடுவேன். சுண்டுராணி என் பேர்லதான் இருக்கா, ஞாபகம் இருக்கட்டும்.” பிறகு என்னைப் பார்த்து, “ஏய் ஆயா, இந்த ரூமுக்கு சென்ட் வாங்கிக் குடுத்தேனே, அடிக்கறதில்லையா?” என்றார்.

“இல்லை மேடம். கழுவறேன்.”

அக்கா போன பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார் என்று நினைத்தேன். திரும்பவில்லை. பலகையைக் கேட்டார். சுண்டுராணி கையைவிட்டுப் போனால் அவருக்கு மிஞ்சுவது கட்டிலும் மருந்தும் என் கரண்டியும்தான். அது அவருக்கும் தெரியும்.

“நர்ஸம்மா, எனக்குப் பெட்பேன் எடுத்துட்டுப் போறப்ப உங்க மூஞ்சி எப்படி இருக்கும்?”

“என்னைப் பார்த்து வரையாதீங்க. பழகின மூஞ்சி, கல்லு மாதிரி இருக்கும்.”

“சிரிச்சமாதிரி வெச்சா அக்கா ஒத்துக்குவாளோ?”

“அதைத் தூக்கிக்கிட்டு எவளாவது சிரிச்சா, அவளை வேலைக்கு வெச்சுக்காதீங்க. வேற எதுக்கோ வந்திருக்கா.”

கண்ணாடியைப் பார்த்து வரைந்தார். பாதி முகம் அசையவே அசையாது, என்ன வரும்? ஆயா பல்வலிக்காரி போல வந்தாள். கிழித்தார். அடுத்தவள் தும்மப் போகிறவள் போல வந்தாள். அதையும் கிழித்தார். புத்தகத்தின் மற்ற பக்கங்களெல்லாம் முடிந்து, ஆயாவின் பக்கம் மட்டும் கழுத்தோடு நின்றது.

படங்களை வாங்கிப் போக அக்கா வந்தது சரியான நாள். மலச்சிக்கலுக்கு முந்தின நாள் நான் கொடுத்த மருந்து அப்போதுதான் வேலையைக் காட்டியது. அவசரமாக அவரை வலது பக்கமாக ஒருக்களித்துப் பெட்பேனைச் செருகினேன். பாதிக்கு மேல் வெளியில். ரப்பர் விரிப்பு வழுக்கி ஆள் கட்டில் ஓரத்துக்குச் சரிந்தார். எனக்கு இருப்பது இரண்டு கை.

“மேடம், உள்ள வாங்க! தோளைப் பிடிங்க!”

“நானா?”

“கீழ விழுந்தா இடுப்பு உடையும். வாங்கன்னா வாங்க!”

வந்தார். இரண்டு கையாலும் தம்பியின் தோளைப் பிடித்தார். இரண்டு கையும் போனதால் மூக்கிலிருந்த கைக்குட்டை நழுவி நேராகப் பெட்பேனுக்குள் விழுந்தது. விழுந்ததையும் பார்த்தார், விழுந்த இடத்தையும் பார்த்தார்.

அப்படி ஒரு முகத்தை நான் கண்டதில்லை. மேலுதடு மூக்குக்குள் ஏறியது. தாடை உள்ளே போய் இரண்டாவது தாடை ஒன்று கிளம்பியது. ஒரு கண் இறுக மூடிக்கொண்டது. தொண்டையிலிருந்து ‘ங்ஏ’ என்று ஒரு சத்தம்.

அந்த முகத்துக்கு நேர் எதிரே படுத்திருந்த தம்பி, “அக்கா! அப்படியே இரு! அசையாதே!” என்று கத்தினார்.

“நாசமாப் போறவனே! உனக்கு வெக்கமா இல்ல?”

அவர் சிரித்தார். பாதி வாயால் எச்சில் தெறிக்கச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க இன்னும் கொஞ்சம் வந்தது. அதையும் நான்தான் துடைத்தேன்.

அக்கா குளியலறையில் சோப்பு கரையும் வரை கை கழுவிவிட்டுப் போய்ப் படியில் உட்கார்ந்தார். தம்பி சட்டைகூடப் போடவிடாமல் பலகையைப் பிடுங்கிக்கொண்டார். மை காய்வதற்குள் அக்கா எழுந்து வந்து தலையை நீட்டினார்.

“இது நான்.”

“ஆயா.”

“நான்டா இது! இந்த மூக்கு நம்ம அம்மா மூக்கு! ஊரே சிரிக்கும்.”

“பிடிக்கலேன்னா கிழிச்சிடு. கம்ப்யூட்டர்காரன்கிட்டயே எல்லாத்தையும் குடுத்துடு.” அதோடு அவர் நிறுத்தவில்லை. “ரோஜாவை நான் வரைய மாட்டேன்க்கா. இங்க ஒரு நாளும் ரோஜா பூக்கலை.”

அக்கா காகிதத்தைக் கையில் எடுத்தார். கிழித்துவிடுவார் என்றே நினைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். மூக்கை மூட மறந்துவிட்டிருந்தார்.

“நான் ஒரு கண்ணைத்தான் மூடினேனா?”

“ஒண்ணுதான்.”

“ஏன்?”

“இன்னொண்ணால பார்த்துக்கிட்டிருந்த. எவ்வளவு கண்றாவியா இருந்தாலும் உனக்குப் பார்த்தாகணும்.”

அக்கா காகிதத்தைத் திரும்பப் பலகையில் வைத்தார். பிறகு, “மூக்கைச் சின்னதாக்கு. ரெண்டாவது தாடை வேண்டாம். மிச்சம் இருந்துட்டுப் போகட்டும்” என்றார். தம்பி தாடையை எடுத்தார், மூக்கில் ஒரு நூல் அளவு குறைத்தார். அதற்கு மேல் மறுத்துவிட்டார். ரோஜாத் தோட்டத்தின் இடத்தில் ஒரு குழியும் ஒரு மண்வெட்டியும் வந்தன.

புத்தகம் வெளியானது. சில பள்ளிக்கூடங்கள், இதையா குழந்தைகளுக்குக் காட்டுவது என்று திருப்பி அனுப்பின. ஆயாவின் பக்கத்தைத் திரும்பத் திரும்பக் காட்டச் சொல்லிக் குழந்தைகள் அழுததாகவும் கேள்விப்பட்டேன். அக்கா ஒரு கூட்டத்தில், உழைக்கிறவருக்கு முகம் கொடுக்க வேண்டும் என்று தனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம் இருந்ததாகப் பேசினார். கைதட்டினார்கள். டிவியில் அதைப் பார்த்ததும் நான் எழுந்து போய் அணைத்தேன்.

“சொல்லிட்டுப் போறா விடுங்க” என்றார் அவர். மடியில் அடுத்த புத்தகம். முதல் பக்கத்திலேயே ஆயா முழு உடம்போடு உட்கார்ந்து காலை நீட்டியிருந்தாள்.

அக்கா திருந்திவிட்டார் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அன்றிலிருந்து வருவதற்கு முன்னால் எனக்கு போன் போடுகிறார்.

“இன்னிக்கு அவனுக்கு ஆயிடுச்சா?”

“இன்னும் இல்லை மேடம். சீக்கிரம் வாங்க, தோளைப் பிடிக்க ஆள் வேணும்.”

பட்டென்று வைத்துவிடுகிறார். ஆனால் சாயந்தரம் திரும்பவும் கூப்பிட்டு, எப்படி ஆச்சு, என்ன நிறத்தில் ஆச்சு, ஏன் அந்த நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். நான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து ‘ங்ஏ’ என்று கேட்கிறது. போனை மட்டும் வைப்பதில்லை.