ஜெபாவுக்கு எட்டாத கிண்ணம்

தங்கராஜுக்குக் கம்பெனியில் ஒரு பட்டப்பெயர் உண்டு: ரிஜெக்ட். அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறையில், இருபத்தெட்டு வருஷமாகச் செக்கிங் பிரிவில் இருக்கிறார். முடி அளவு பிசகினாலும் அந்தத் துண்டின் மேல் சிவப்புப் பெயின்ட்டை ஒரு இழு இழுத்துத் தூக்கிப் போட்டுவிடுவார். லேத் ஓட்டுகிறவர்கள், "இன்னா மாமே, இதுக்குப் போயா?" என்று கெஞ்சினாலும் காது கேட்காது. "அளவுன்னா அளவுதான், போடா" என்பார்.

இதே மனுஷன்தான் மண்ணூர்பேட்டை கிறிஸ்தவ சபையில் மூப்பர். ஷீட் போட்ட கட்டடம், நெருக்கி உட்கார்ந்தால் நூறு பேர் கொள்ளும். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்வது. ஒரே கிண்ணம்தான். கொரோனா சமயத்தில் சின்னச் சின்ன டம்ளர் வந்தது, அது அடங்கியதும் பழைய கிண்ணமே திரும்பிவிட்டது. பெஞ்சு பெஞ்சாக, கை மாறிக் கை மாறிப் போகும். தப்புத்தண்டா செய்ததற்காகத் திருவிருந்து கொடுக்காமல் நிறுத்தி வைக்கப்பட்டவர் யாராவது நடுவில் இருந்தால், இந்தப் பக்கத்து ஆள் அவர் மடிக்கு மேலே கையை நீட்டி அந்தப் பக்கத்து ஆளிடம் கொடுக்க வேண்டும். யாரை நிறுத்துவது, யாரை மறுபடி சேர்ப்பது என்பதெல்லாம் மூப்பர் சொல்வதுதான். சேர வேண்டுமானால் சபை நடுவில் எழுந்து நின்று, செய்த பாவத்தைப் பேர் சொல்லிச் சொல்ல வேண்டும். அதுவும் தங்கராஜ் போட்ட சட்டம்.

பன்னிரண்டு வருஷமாக அந்தக் கிண்ணம் ஒரு பெண்ணின் மடியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவள் அவருடைய கூடப்பிறந்த தங்கை ஜெபா.

பெண்டாட்டி இருக்கிற ஒருவனோடு போனவள் அவள். லாரி டிரைவர். ரெண்டு வருஷம் குடித்தனம் நடத்தி, கையில் விஜியைக் கொடுத்துவிட்டு, அவன் பழைய வீட்டுக்கே போய்விட்டான். கைக்குழந்தையோடு அவள் சபைக்குத் திரும்பி வந்த அன்றைக்கே, எழுந்து நின்று அவளை நிறுத்தியவர் அண்ணன்காரர். சொந்த ரத்தம் என்றுகூடப் பார்க்கவில்லையே என்று சபை மெச்சியது. அந்த மெச்சல் அவருக்கு இனித்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே இனித்தது.

ஜெபா வேறு சபைக்குப் போயிருக்கலாம். ஐயப்பன்தாங்கலில் அவள் குடியிருந்த தெருவைச் சுற்றியே மூன்று சபை. ஆனாலும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரெண்டு பஸ் மாறி இங்கேதான் வந்தாள். அவள் அப்பா அம்மா ஞானஸ்நானம் எடுத்த இடம் இது.

மூன்றாம் வருஷம் ஒரு தடவை எழுந்து நின்றாள்.

"நான் பண்ணது தப்புதான். எல்லாரும் என்ன மன்னிச்சுடுங்க."

"இன்னா தப்பு?" என்றார் தங்கராஜ். "மொத்தமா தப்புன்னா எப்டி? யாரோட போன, இந்தக் கொழந்த எப்டி வந்துச்சு, அத்த உன் வாயால சொல்லு."

மூன்று வயசு விஜி, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவள வெச்சுகினு அத்த சொல்ல மாட்டேண்ணே," என்று ஜெபா உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் எழுந்திருக்கவில்லை. வருவதை மட்டும் விடவில்லை.

போன வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு அவளுக்கு வயிறு வீங்கியது. ஈரலில் வந்த நோய், முற்றிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. சாவதற்குள் ஒரு தடவை திருவிருந்து வேண்டும்.

பாஸ்டர் தேவா சின்ன வயசுக்காரர், சபைக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. "அண்ணே, நீங்க சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இன்னிக்கே போய்க் குடுத்துட்டு வந்துடுறேன்."

"அவ சொல்லட்டும் பாஸ்டர். அவ சொன்னா நானும் சொல்றேன்."

அன்றைக்குச் சோற்றுத் தட்டை வைக்கும்போது அவர் மனைவி சரசா கேட்டாள். "கூடப் பொறந்தவ சாவக் கெடக்குறா, நீ இன்னும் செக்கிங் பண்ணிகினு கீற. நாளைக்கு உன்ன மேல நிக்க வெச்சு செக்கிங் பண்ணா, நீ பாஸாயிடுவியா?"

கை சோற்றிலேயே நின்றுவிட்டது. மறுநாள் புதன்கிழமை, அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு ஐயப்பன்தாங்கல் போனார். விஜி ஸ்கூலுக்குப் போயிருந்தாள். ஜெபா கட்டிலில் சுருண்டு கிடந்தாள். கண் ரெண்டும் மஞ்சளாக இருந்தது.

"இன்னாண்ணே, பஸ்ஸு மாறி ஏறிட்டியா?" என்று சிரித்தாள்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "நீ ஒண்ணும் சொல்ல வேணாம் ஜெபா. உன் மேல போட்ட தடைய நானே எடுத்துடுறேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவள் முகம் கோணிக்கொண்டது. கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம், "அப்ப பாஸ்டருக்கு இப்பவே போன் போடுண்ணே. இங்கயே குடுத்துட சொல்லு," என்றாள்.

போன் சட்டைப் பையில்தான் இருந்தது. கைகூடப் போனது. ஆனால் பட்டறைப் புத்தி குறுக்கே வந்து நின்றது. சபையில் நிறுத்தியதைச் சபையில்தான் எடுக்க வேண்டும்.

"நாலு நாள் பொறுத்துக்க. வர்ற ஞாயிறு மொத ஞாயிறு. சபைல எழுந்து சொல்லிட்டு, அப்டியே பாஸ்டரக் கூட்டிகினு கிண்ணத்தோட வந்துடுறேன். முறையா செஞ்சுட்டா அப்பால எவனும் நாக்கு மேல பல்லப் போட்டுப் பேச முடியாது."

"நாலு நாளா?" என்று அவள் விரலை மடக்கிப் பார்த்தாள். "சரிண்ணே. உன் இஷ்டம்."

சனிக்கிழமை காலை ஜெபா செத்துப்போனாள்.

மத்தியானம் ஜெபா வீட்டு வாசலில் சபை கமிட்டிக்காரர்கள் நின்றார்கள். கல்லறைத் தோட்டத்தில் சபைக்கென்று ஒரு வரிசை உண்டு. அதில் தங்கைக்கு ஓர் இடம் கேட்டார் தங்கராஜ். கமிட்டிக்காரர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் வினோத் வாயைத் திறந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஆவடி பாக்டரி குவார்ட்டர்ஸில் இருப்பவர்.

"தப்பா நெனைக்காதிய அண்ணாச்சி. நிறுத்தி வச்சவங்களுக்கு நம்ம வரிசையில எடம் கெடையாதுன்னு நீங்கதான சட்டம் போட்டிய?"

"நாளைக்கு எடுக்குறதா இருந்தேன் வினோத்து."

"இருந்திய. எடுக்கலியே."

பாஸ்டர் தேவா, "பிரதர், கொஞ்சம் இரக்கம் காட்டக் கூடாதா?" என்று ஆரம்பித்தார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அன்னம்மாள் பாய்ந்து வந்தாள்.

"இரக்கமா? ரெண்டு வருசத்துக்கு முன்ன என் புருசன ஐஸ் பொட்டில போட்டுகினு இந்த ஆளு கால்ல உயுந்தேன். குடிகாரனுக்கு எடம் இல்லன்னாரு. அப்ப எங்க போச்சு பாஸ்டர் இந்த இரக்கம்? அவனுக்கு இல்லாத எடம், அடுத்தவ புருசனோட போயி புள்ள பெத்துகினவளுக்கு மட்டும் எங்கருந்து வரும்?"

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம், அம்மாவின் தலைமாட்டில் விஜி உட்கார்ந்திருந்தாள். பதின்மூன்று வயசுப் பெண்ணுக்குப் புரியாத பேச்சு இல்லை.

தங்கராஜ் அன்னம்மாளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். வாழ்க்கையில் அவர் மனுஷர் யாரையும் கும்பிட்டதில்லை. "நான் பண்ணது பாவம்மா. அவள மன்னிச்சு விட்டுடுங்க." அன்னம்மாள் அழுதாள். அழுதாளே ஒழிய, சரி என்று சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷமாக அவரே பாடம் எடுத்த பிள்ளைகள், ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார்கள்.

பொது மயானத்தில் ஒரு மூலையில் குழி வெட்டச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். வண்டி வருவதற்குள் விஜி வெளியே வந்தாள். கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"மாமா, அம்மாவ நிறுத்தி வெச்சது என்னாலயா?"

"இல்ல கண்ணு. உன்னால ஒண்ணும் இல்ல."

"அப்ப அம்மா கெட்டவங்களா?"

"அய்யோ, இல்லம்மா."

"அப்ப எதுக்கு நிறுத்துன?"

வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அந்தப் பெண் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அவர் சபைக்குப் போகவில்லை. மூப்பர் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த இடத்துக்கு இப்போது வினோத் வந்திருக்கிறார், சட்டமெல்லாம் அப்படியே இருக்கிறது. விஜி தங்கராஜ் வீட்டில்தான் இருக்கிறாள். சரசா போட்டதைச் சாப்பிடுகிறாள், ஸ்கூலுக்குப் போகிறாள், வருகிறாள். தங்கராஜ் ஏதாவது கேட்டால் சரசாவைப் பார்த்துப் பதில் சொல்கிறாள். மாமா என்று அவரைக் கூப்பிடுவதில்லை.