வழக்கம்போல ஒரு ஜாயிண்ட்

வல்லம் வடகால் பக்கம் எழும்பிய இரும்புக் கொட்டகைகளில் பாதியிலாவது தணிகாசலத்தின் கை பட்டிருக்கும். நரசிம்மன் பட்டறையில் வெல்டர். நல்ல வெல்டர் என்று பேர். பேருக்கென்ன, பெயிண்ட் அடித்துவிட்டால் எல்லா வெல்டரும் நல்ல வெல்டர்தான்.

போன மாதம் ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து யுவஸ்ரீ என்ற பெண் அந்தப் பட்டறைக்கு வந்தாள். இரும்புக் கட்டடங்களில் தூணும் பீமும் சேருகிற ஜாயிண்ட் எவ்வளவு சுமை தாங்கும் என்று ஆராய்ச்சி பண்ணுகிறவள். ஒரகடத்தில் ஒரு கம்பெனி, தன் கிடங்கின் இரும்பு மேல்தளத்தில் இன்னோர் அடுக்குச் சரக்கு ஏற்றலாமா என்று கல்லூரியைக் கேட்டிருந்தது. அந்த மேல்தளத்தைப் போட்டது நரசிம்மன் பட்டறை. வெல்டிங் தணிகாசலம்.

"அண்ணா, அங்க எப்படிப் பண்ணீங்களோ அதே மாதிரி, வழக்கம்போல ஒண்ணு பண்ணிக் குடுங்க. மெஷின்ல வெச்சு ஒடச்சுப் பாக்கணும்," என்றாள்.

கல்லூரிக்குப் போகிற சாமான். நாலு படித்தவர்கள் பார்ப்பார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தினம் வைக்கிற ரசத்தையா ஊற்றுவோம்? தணிகாசலம் விளிம்புகளைக் கிரைண்டரில் சீவினார், வெல்டிங் ராடுகளைச் சூடுபண்ணி ஈரம் போக்கினார், வெல்டிங்கின் ஒவ்வொரு வரிசையையும் தட்டிச் சுத்தம் செய்து சாமி காரியம் மாதிரி அடித்துக் கொடுத்தார். ஏமாற்ற வேண்டும் என்று அந்த மனுஷன் சத்தியமாக நினைக்கவில்லை. மெஷினே திணறும் அளவுக்கு அது தாங்கியதாம். யுவஸ்ரீ போனில் பாராட்டினாள். அதை டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தக் கிடங்கில்தான் அவர் மனைவி ஏலவார்குழலிக்குப் பேக்கிங் வேலை. இன்று காலை தூக்கில் சோறு கட்டிக்கொண்டே சொன்னாள்:

"மேல இன்னொரு அடுக்கு ஏத்தறாங்கயா. மத்தியானத்துலருந்து ஆரம்பம். காலேஜ்லயே ஓகே சொல்லிட்டாங்களாம். எல்லாம் உன் வெல்டிங்கு பண்ண வேலை."

சிரித்துக்கொண்டே கம்பெனி பஸ் ஏறப் போய்விட்டாள். மெஷினில் தாங்கியது வேறு, தளத்தில் இருப்பது வேறு என்று தணிகாசலத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த மேல்தளம் எப்படிப் போட்டது என்று அவருக்கல்லவா தெரியும்? திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, வெளியே அடைமழை, நரசிம்மன் முதுகுக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார். பீம் நீளம் கொஞ்சம் குறைந்து, தூணுக்கும் அதற்கும் நடுவே சந்து விழுந்திருந்தது. அந்தச் சந்துகளில் ராடுத் துண்டுகளைச் செருகி, மேலாக ஒரு பூச்சு வெல்டிங் ஓட்டி, பெயிண்ட் அடித்து மூடினார். பல பட்டறைகளில் நடக்கிறதுதான். உள்ளே எவன் பார்க்கப் போகிறான் என்ற தைரியம். குழலியோ கேண்டீன் பக்கமே போகமாட்டாள். 'எங்க வூட்டுக்காரர் கட்டினது' என்று பீற்றிக்கொண்டு தினமும் அந்தத் தளத்துக்குக் கீழேதான் தூக்கைத் திறப்பாள்.

நரசிம்மனுக்குப் போன் போட்டார்.

"இன்னாடா ஒளர்ற? நீயா போய்ச் சொன்னா அப்புறம் எவன் உன்னை வேலைக்குக் கூப்புடுவான்? நான் உட்பட. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுக்காத."

பேச்சு நியாயமாகத்தான் பட்டது. வேலை போனால் இந்த வயதில் எந்தப் பட்டறை வாசலில் போய் நிற்பது? ஆனாலும் வண்டி கல்லூரிப் பக்கம்தான் திரும்பியது. வழியெல்லாம் சரக்கு லாரிகள். ஒவ்வொன்றும் அந்தக் கிடங்குக்குத்தான் போகிறது என்று தோன்றி வண்டியை இன்னும் முறுக்கினார்.

சோதனைக்கூடத்தில் யுவஸ்ரீயிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் திரும்பி, மற்ற பட்டறைகளிலிருந்து வந்து அலமாரியில் அடுக்கியிருந்த ஜாயிண்டுகளைப் பார்த்தாள்.

"அப்ப மத்த பட்டறைலருந்து வந்ததெல்லாம்?"

"எங்கிட்ட கேக்காதம்மா. காலேஜுக்குன்னா யாரு மட்டமா அடிப்பான்?"

அவள் உடனே கம்பெனிக்குப் போன் செய்தாள். மேலாளர் மசியவில்லை. போன வாரம் தாங்கும் என்றீர்கள், இன்று தாங்காது என்கிறீர்கள், எதையாவது காட்டுங்கள் என்றார்.

"அண்ணா, அங்க அடிச்ச மாதிரியே ஒண்ணு. இப்பவே."

தணிகாசலம் முகமூடியை இறக்கினார். சந்து விட்டு வைத்து, ராடுத் துண்டைச் செருகிவிட்டு வெல்டிங்கைத் தொடங்கினால், பாழாய்ப் போன கை நல்லதையே தேடிப் போயிற்று. நிதானமாக, அழகாக. முகமூடியைத் தூக்கினார்.

"என்னைத் திட்டும்மா."

"என்னண்ணா?"

"நரசிம்மன் மாதிரி திட்டு. நிம்மதியா வுட்டா எனக்கு மட்டமா அடிக்க வரல."

அவளுக்குத் திட்டத் தெரியவில்லை. "சீக்கிரம் முடிங்க, லேட் ஆகுது, சீக்கிரம்," என்று ஒல்லிக் குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதுவே போதுமாயிருந்தது. கை பழைய ஓட்டத்துக்கு வந்தது.

ஆறியதும் ஜாயிண்டை மெஷினில் ஏற்றினார்கள். திரையில் எண்கள் மெல்ல ஏறின. 'தாங்கிடு, தாயே' என்று ஒரு மனசு வேண்டியது, 'உடைஞ்சு தொலை' என்று இன்னொரு மனசு. பழையது தாங்கியதில் பாதிகூட எட்டவில்லை. படாரென்று பிளந்தது. உள்ளே செருகிய ராடுத் துண்டுகள் தரையில் உதிர்ந்தன.

தன்வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்பார்கள். இங்கே சுடவில்லை, தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. யுவஸ்ரீ அது பிளந்ததைப் போனில் எடுத்த வீடியோவை மேலாளருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்போதே தணிகாசலம் வண்டியைக் கிளப்பிவிட்டார். குழலிக்குப் போன் போட்டுப் பயனில்லை, ஷிப்டில் போனை லாக்கரில் வைத்துவிடுவார்கள்.

கேட்டில் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் கிடங்கிலிருந்து ஆட்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு முகமாகத் தேடினார். கடைசியில், திறக்காத தூக்கோடு, கோபமாக, அவள் வந்தாள். கம்பியை விட்டுவிட்டு அவள் பக்கம் நடந்தார்.

"நீ எங்கயா இங்க? மேல ஜாயிண்ட் சரியில்லன்னு எவனோ காலேஜ்ல போய் வத்தி வெச்சுட்டானாம். சூப்பர்வைசராண்ட நல்லா கேட்டுட்டேன். எங்க வூட்டுக்காரர் அடிச்சது, கோளாறு இருந்தா என்னை அதுங்கீழ குந்த வுடுவாரான்னு."

"சொன்னது நான்தான், குழலி."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் குரல் இறங்கிவிட்டது.

"நான் தெனம் அதுங்கீழதான் சோறு துன்றேன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்," என்றார் தணிகாசலம்.