மரியாதைக்குரிய சிலிண்டர்

அம்மா காஸ் சிலிண்டரை ‘அவர்’ என்று சொன்ன அன்றுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. தொலைபேசியில், பக்கத்து ஊரான ஹோம்புஷில் இருந்த அன்ரியோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் குசினி மேசையில் வாய்ப்பாடு எழுதுவதுபோலப் பாவனை பண்ணிக்கொண்டு இரண்டு காதையும் அந்தப் பக்கமே வைத்திருந்தேன்.

“சிலிண்டர் பின்னாலதான் இருக்கிறார். ஒரு கரைச்சலும் இல்லை” என்றாள் அம்மா.

அம்மா நாட்டின் பிரதமரையே ‘அவன்’ என்று சொல்பவள். அப்படிப்பட்டவள் ஓர் இரும்புச் சாமானுக்கு ‘ஆர்’ விகுதி போட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எனக்கு அப்போது ஒன்பது வயது. மரியாதை கொடுத்துப் பேசவேண்டியவை எவையெவை என்று யோசித்துப் பார்த்தேன். அதற்கு முந்தைய வருடம் எனக்கு உடம்பெல்லாம் கொப்புளம் போட்டபோது அம்மா நோயின் பெயரைச் சொல்லவே இல்லை. ‘அம்மாள் வந்திருக்கிறா’ என்றுதான் பயபக்தியோடு சொன்னாள். ஆகவே ஆளைக் கொல்லக்கூடியவற்றுக்குத்தான் இந்த மரியாதை என்று முடிவுகட்டினேன். சிலிண்டர் வெடிக்கப்போகிறது, அது அம்மாவுக்குத் தெரியும், எங்களிடம் மறைக்கிறாள்.

சிலிண்டரின் கதையைச் சொல்லவேண்டும். நாங்கள் சிட்னியில் லிட்கம் என்ற இடத்தில் இருந்தோம். அப்பா 1977இல் ஒரு பழைய கரவன் வாங்கினார். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகும் சக்கரம் வைத்த அறை அது. உள்ளே இரண்டு படுக்கை, ஒரு மடக்கு மேசை, இரண்டு அடுப்பு. கடற்கரையோரமாக நிறுத்தி, சொந்த அடுப்பில் சொந்தக் கறி சமைத்துச் சாப்பிடவேண்டும் என்பது அப்பாவின் பெரிய ஆசை. எங்கள் கார் அதை ஒழுங்கையின் ஏற்றத்திலேயே இழுக்கமாட்டேன் என்றுவிட்டது. அதனால் கரவன் பின்வளவில் எலுமிச்சை மரத்தடியில் நிரந்தரமாகக் குடியிருந்தது.

கரவனோடு இரண்டு காஸ் சிலிண்டர்களும் வந்தன. ஒன்று வெறுமை, மற்றதில் அரைவாசி காஸ். வெறும் சிலிண்டரை நிரப்பிவர அப்பாவோடு நானும் போனேன். நிரப்புகிறவர் சிலிண்டரின் கழுத்துப் பட்டியில் பெருவிரலை வைத்துத் தடவிப் பார்த்தார். அங்கே 66 என்று குத்தியிருந்தது. பத்து வருடத்துக்கு ஒருமுறை சோதித்துப் புதுத் திகதி குத்தவேண்டும், இது காலாவதியானது, சிட்னியில் எவரும் இதற்குள் காஸ் விடமாட்டார்கள் என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டார். அப்பா வழி முழுக்கப் புறுபுறுத்துக்கொண்டே வந்தார்.

“உவங்கள் புதுசு விக்கிறதுக்குச் சொல்லுற கதை. இரும்புக்கு என்ன திகதி?”

சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. எனக்கு அது தகப்பன் வழியாக வந்தது. அப்பா இரண்டு சிலிண்டரையும் பழையபடி கரவனின் முன்பக்கத்தில் பூட்டி, மேலே ஒரு சாக்கைப் போர்த்துவிட்டார்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் மாமா வந்தார். மாமா என்றால் அம்மாவின் மூத்த அண்ணா. கொழும்பில் ஏதோ கந்தோரில் வேலை பார்த்தவர். ‘சுத்திப் பாக்க வந்தவர்’ என்று எனக்குச் சொன்னார்கள். வீட்டில் இரண்டே அறைகள் என்பதால் மாமாவுக்குக் கரவனைக் கொடுத்தார்கள். அவர் அதை மாளிகைபோல வைத்திருந்தார். சட்டைகளை மினுக்கி மடித்து, போர்வையைச் சுருக்கமில்லாமல் விரித்து, சப்பாத்து இரண்டையும் வாசலில் சோடியாக வைப்பார். என்னோடு கரம்போர்ட் விளையாடுவார், வெட்கமில்லாமல் கள்ள ஆட்டம் ஆடுவார். கையும் களவுமாகப் பிடித்தால் “பிள்ளைக்குக் கண் பிழை” என்பார்.

ஆனால் சுற்றிப் பார்க்க வந்தவர் எதையும் சுற்றிப் பார்க்கவில்லை. நான்கு மாதமாகியும் துறைமுகப் பாலத்தைக்கூடப் பார்க்கவில்லை. வாசல் மணி அடித்தால் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் பின்கதவால் கரவனுக்குப் போய்த் திரைச்சீலையை இழுத்துவிடுவார். நான் இதையும் ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்தேன்.

அந்தக் கொப்பியில் அதிகம் எழுதியது அப்பாவின் தொலைபேசிப் பேச்சைத்தான். அன்ரியின் கணவர் ஹோம்புஷ் அங்கிள் அப்பாவோடு ஒன்றாகப் படித்தவர். இருவரும் தினமும் பின்னேரம் பேசுவார்கள். பேச்சு முழுக்கச் சிலிண்டர்.

“சிலிண்டரின்ர திகதி போன கிழமையோட முடிஞ்சுது மச்சான்.”

இடைவெளி.

“கேட்டுப் பாத்தனான். புதுத் திகதி குத்த மாட்டாங்களாம். கண்டாங்கள் எண்டால் கொண்டுபோயிடுவாங்கள்.”

மறுபடி இடைவெளி.

“அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரன்ர பார்வையும் சரியில்லை.”

போன கிழமையா? நான் பின்வளவுக்கு ஓடிப்போய்ச் சாக்கைத் தூக்கி விரலால் தடவிப் பார்த்தேன். 66. இரண்டிலும் 66. இவை காலாவதியாகி இரண்டு வருடம் ஆகிவிட்டது. அப்படியானால் போன கிழமை காலாவதியானது எது? மூன்றாவதாக ஒரு சிலிண்டர் எங்கோ ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது என்று எனக்கு உறைத்தது. அலுமாரிக்குள் பார்த்தேன், கட்டிலுக்கடியில் பார்த்தேன். மாமா குளிக்கப் போன நேரம் கரவனுக்குள் நுழைந்து படுக்கைப் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். பூட்டிய ஒரு சூட்கேஸ்தான் இருந்தது. அதை மூக்கை வைத்து மணந்தும் பார்த்தேன். பூச்சி உருண்டை மணந்தது.

மே மாதம் குளிர் தொடங்கிவிட்டது. மாமா கரவன் யன்னல்களை இறுகப் பூட்டிவிட்டு, விடியற்காலை ஐந்து மணிக்கே அந்த அரைவாசிச் சிலிண்டரில் அடுப்பை மூட்டித் தேத்தண்ணீர் வைப்பார். ஒருநாள் பள்ளிக்கூடம் போகுமுன் அவரைப் பார்க்கப் போனபோது கரவனுக்குள் அழுகிய முட்டைக்கோவா மணம் அடித்தது. மாமா தலையிடி என்று படுத்திருந்தார். நான் ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன்.

“அவர் இரவு கோவா வறுத்தவர்” என்றாள் அம்மா. பிறகு என் தோளைப் பிடித்துக் குனிந்து, “இஞ்ச பார், அவர் இஞ்ச இருக்கிறதைப் பற்றி வெளியில மூச்சு விடக்கூடாது” என்றாள்.

“ஆர்?”

அம்மா ஒரு கணம் விழித்தாள். “சிலிண்டர்” என்றாள்.

அன்று பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒன்றுமே ஏறவில்லை. மாமா கரவனோடு சேர்ந்து எலுமிச்சை மரத்துக்கு மேலால் பறப்பதுதான் கண்ணுக்குள் நின்றது. எனக்கு அவரில் அவ்வளவு விருப்பம். கள்ள ஆட்டம் ஆடுகிறவராக இருந்தாலும் அவர் செத்துப்போக நான் சம்மதிக்கத் தயாராக இல்லை. வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்றால் வெளியாள் ஒருவரிடம்தான் போகவேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் பெனியனும் அரைக்காற்சட்டையுமாக எந்த நேரமும் எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பவர். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து ‘எப்படி’ என்று கேட்பார். அவர் எங்கே வேலை செய்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. அப்பாவுக்கு அவர் அரசாங்கத்தின் ஆள் என்று ஒரு எண்ணம். ஒருவன் காரணமில்லாமல் சிரிப்பானா என்பது அப்பாவின் கேள்வி.

பின்னேரம் வேலியடியில் நின்று அவரிடம் ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொன்னேன். எங்கள் கரவனில் திகதி முடிந்த ஒன்று இருக்கிறது, அப்பாவும் அம்மாவும் அதை மறைக்கிறார்கள், என் மாமா அங்கேதான் படுக்கிறார், நாற்றமும் அடிக்கிறது. அவர் சிரிப்பை நிறுத்தினார். சரியான ஆளிடம்தான் சொல்லியிருக்கிறாய், நாளைக் காலை வருகிறேன், அதுவரை ஒருவரும் அங்கே நெருப்பு மூட்டக்கூடாது என்றார். நான் இரவோடிரவாக மாமாவின் நெருப்புப்பெட்டியைக் களவெடுத்து என் தலையணைக்குள் வைத்துக்கொண்டு படுத்தேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. வாசல் மணி அடித்தது. மாமா வழக்கம்போலப் பின்கதவால் போனார். அப்பா கதவைத் திறந்தார். பக்கத்து வீட்டுக்காரர் நின்றார், பெனியனோடு அல்ல. காக்கிச் சட்டை, நெஞ்சில் ஒரு சின்னம், கையில் பலகையில் செருகிய படிவம். அவர் காஸ் நிரப்பும் நிலையம் ஒன்றில் வேலை செய்கிறவர் என்பது அன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அப்பாவின் முகம் சாம்பல் நிறமானதை நான் கண்டேன்.

“பின்னால் திகதி முடிந்த ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பயப்படவேண்டாம். நான் கொண்டுபோய்விடுகிறேன், நீ ஒரு கையெழுத்து மட்டும் போட்டால் போதும்” என்றார் அவர்.

அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய ஆங்கிலம் நல்ல ஆங்கிலம், அன்று அது தடுக்கித் தடுக்கி வந்தது. “இரண்டு கிழமை தாருங்கள். நாங்களே அனுப்பிவிடுகிறோம்.”

“இரண்டு கிழமையா? இந்த நிமிடமே ஏதும் நடக்கலாம்.”

“அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. போன வருடக் கலவரத்தில் கொழும்பில் அவர் இருந்த வீட்டை எரித்துவிட்டார்கள். போக இடமில்லை. விசா முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது.”

பக்கத்து வீட்டுக்காரர் படிவத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். “சிலிண்டருக்கா விசா?” என்றார்.

அப்பாவின் வாய் திறந்தபடி நின்றது. குசினியில் அம்மா கதிரையில் தொப்பென்று இருந்த சத்தம் கேட்டது. எனக்கு ஒன்றும் விளங்காததால் நான்தான் அவரைக் கையைப் பிடித்துப் பின்வளவுக்குக் கூட்டிப்போனேன்.

மாமா திரைச்சீலை இடுக்கால் காக்கிச் சட்டையைக் கண்டிருக்கவேண்டும். நாங்கள் போகும்போது கரவன் வாசலில் நின்றார். தலை சீவி, கழுத்துப்பட்டி கட்டி, சப்பாத்துப் போட்டு, கையில் அந்தச் சூட்கேஸ். கடவுச்சீட்டை இரண்டு கையாலும் நீட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் அதை வாங்கித் திறந்து படத்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பிறகு மூடி மாமாவின் சட்டைப் பையிலேயே மெல்லச் செருகிவிட்டார்.

“எனக்கு இரும்பைப் பற்றித்தான் தெரியும்” என்றார்.

சாக்கை எடுத்துப் போட்டுவிட்டு, சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் குழாயில் பூசினார். குமிழி குமிழியாகப் பொங்கியது. குழாய் உக்கி, காஸ் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. இரண்டு சிலிண்டரையும் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு, “உன் மகள் கெட்டிக்காரி” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று என்னை ஒருவரும் ஏசவில்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது. பெரியவர்கள் குசினியில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். அந்த மனிதர் நல்லவர், சொல்லமாட்டார் என்று அம்மா மன்றாடுவது கேட்டது.

“நம்பேலாது” என்றார் அப்பா. “என்ர வாயாலயே எல்லாத்தையும் கொட்டிப்போட்டன்.”

கடைசியில் மாமாவின் குரல். “உங்களுக்கு மேல வழக்கு வந்தா உங்கட சிட்டிசன்ஷிப்பும் போயிடும். இந்தக் குஞ்சு என்ன செய்யும்? நான் போறன் தங்கச்சி. அழாதை.”

பக்கத்து வீட்டுக்காரர் கடைசிவரை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அந்த வேலிக்கு மேலால் அவர் பத்து வருடம் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தார். அப்பாவால் மட்டும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாமா போனது அதே கொழும்புக்கு, எரிந்த வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஓர் அறைக்கு. ஐந்து வருடம் கழித்து 1983 ஆடிக் கலவரத்தில் அங்கே மறுபடியும் ஆட்கள் வந்தார்கள். அந்த முறை மாமா தப்பவில்லை.

விமான நிலையத்தில் மாமா எனக்கு முன்னால் குந்தியிருந்து கேட்டது நினைவிருக்கிறது.

“பிள்ளையோ சொன்னனி, அந்த மனிசனிட்ட?”

“ஓம் மாமா. நான் சொல்லியிருக்காட்டி நீங்கள் செத்திருப்பீங்கள்.”

அவர் என் சட்டைச் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார். “ஓம் பிள்ளை, உண்மைதான்” என்றார். எழுந்து வரிசையில் போய் நின்றார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா சுவரைப் பார்த்து நின்றார். ஹோம்புஷ் அன்ரிகூட அழுதார். பெரியவர்கள் ஏன் இப்படி அளவுக்கு மிஞ்சி நடிக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. மாமா பெரிய ஆபத்திலிருந்து தப்பித் தன் வீட்டுக்குப் போகிறார், அவரைக் காப்பாற்றியது நான். அவர் திரும்பிப் பார்த்தபோது அங்கே நின்றவர்களில் நான் ஒருத்திதான் துள்ளித் துள்ளிக் கையசைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.