ரதச் சக்கரத்தில் சுங்கை ஆயர் தாவார் வரை

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு உலு யாமில் என் தங்கை வீட்டிலிருந்து கிளம்பினோம். காரை ஓட்டியவன் தங்கை மகன் லோகேஷ். பக்கத்தில் நான். பின்சீட்டில் புத்தம்புதிய குழந்தை சீட் ஒன்று, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், பெல்ட் போட்டுக்கொண்டு ஜம்மென்று இருந்தது. அதில் உட்கார வேண்டிய ஆறு மாதக் குழந்தையும் அவள் அம்மா தர்ஷினியும் சுங்கை ஆயர் தாவாரில் இருந்தார்கள். அவர்களைக் கூட்டி வரத்தான் இந்தப் பயணம்.

எனக்குச் சொல்லப்பட்ட காரணம் வேறு. "கோலசிலாங்கூர்ல நண்டு சாப்பிடலாம், மின்மினி பாக்கலாம், வாங்க பெரியம்மா" என்று ஆசை காட்டித்தான் தைப்பிங்கிலிருந்து வரவழைத்தார்கள். வந்து இறங்கிய பிறகே விஷயம் வெளியே வந்தது. தர்ஷினி என் பேச்சுக்குக் கொஞ்சம் காது கொடுப்பாள் என்று குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

சண்டைக்குக் காரணம் நாங்கள் ஏறிப்போன நான்கு சக்கரங்கள். பிரசவத்துக்குத் தாய் வீடு போனவள் மூன்றாம் மாதம் திரும்பியிருக்க வேண்டும். அவள் வரும் நாளுக்காகக் குழந்தை சீட் வாங்கப் போன இவன், நான்கு ஸ்போர்ட் ரிம்மோடு வந்து நின்றான். நின்றவன் சும்மா இருந்தானா? படம் எடுத்து அவளுக்கே அனுப்பினான். "அந்த ரிம்கூடவே குடும்பம் நடத்து" என்று அவள் அங்கேயே தங்கிவிட்டாள். பிறகு இரண்டு முறை வருகிறேன் என்று சொல்லி, ஒருமுறை கார் கோளாறு, மறுமுறை வேலை என்று இவன் போகவில்லை. இது மூன்றாவது தடவை. சாயந்திரம் ஐந்துக்குள் வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். வார்த்தை காப்பாற்றத் தெரியாதவன் என்பதுதான் அவளுடைய உண்மையான கோபம்.

ரவாங், ஈஜோக் கடந்து அசாம் ஜாவாவில் ரொட்டி சானாய்க்காக நிறுத்தினோம். சாப்பிட்டுவிட்டு வந்து காரைச் சுற்றிப் பார்த்தேன். சின்னஞ்சிறு கார். சக்கரமோ மட்கார்டுக்கு வெளியே இரண்டு விரல் நீட்டிக்கொண்டிருந்தது.

"இது எப்படிடா இதுல மாட்டுச்சு?"

அவன் முகம் மலர்ந்துவிட்டது. குந்தி உட்கார்ந்து விளக்கினான். "நம்ம காருக்கு நாலு ஓட்ட, பெரியம்மா. இந்த ரிம்முக்கு அஞ்சு. நடுவுல அடாப்டர்னு ஒரு தட்டு இருக்கு. காருல மாட்டுற பக்கம் நாலு, ரிம் மாட்டுற பக்கம் அஞ்சு. அவ்ளோதான்லா."

"அவள் வேண்டாம்னு சொன்ன சக்கரத்துலயேவா அவள கூப்பிடப் போற? பழசு எங்க?"

"வீட்ல இருக்கு. அவ போட்டோலதானே பாத்தா? நேர்ல பாத்தா புடிக்கும்லா."

இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் காரில் ஏறினேன். மேடு பள்ளத்தில் டயர் மட்கார்டில் உரசிக் கர்ர் என்றது. என் பக்கம்தான் சத்தம் அதிகம். காரணத்தை அவன் மரியாதைக்குச் சொல்லாமல் விட்டான்.

அங்கிருந்து கோலசிலாங்கூர் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். மலாவத்தி குன்றில் குரங்குகள் சுற்றுலாக்காரர்களின் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தன. மின்மினிகள் இருட்டிய பிறகுதான் ஆற்றோர மரங்களில் தெரியுமாம். அது எனக்குக் கிளம்பும்போதே தெரிந்திருக்க வேண்டும். ஆறுதலுக்குப் பாசிர் பெனாம்பாங்கில் நண்டு. காரக் குழம்பில் இரண்டு பெரிய நண்டு, சோறோடு நாற்பத்தெட்டு வெள்ளி. விரல் ஐந்தையும் சூப்பிச் சாப்பிட்டேன், பொய் சொல்லவில்லை. இந்த நண்டு கொஞ்ச நேரத்தில் எங்களுக்கு வினையாகும் என்று அப்போது யார் கண்டது?

அங்கிருந்து வடக்கே எழுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தஞ்சோங் காராங் வரை சுகம். செகிஞ்சானில் வயல் பச்சையாக இருந்தது, அதைப் படமெடுக்க வந்த கோலாலம்பூர்க் கார்கள் சாலையை அடைத்திருந்தன. ஒன்றரை மணி நேரம் நகர்ந்தோம், நின்றோம், நகர்ந்தோம். சுங்கை பெசார் தாண்டியபோது மணி மூன்று. நேரத்தைப் பிடிக்கிறேன் என்று லோகேஷ் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் திருப்பினான்.

பழக்குலை லோரிகள் ஓடி ஓடிக் கெட்டுப்போன மண்சாலை. குழிகளில் முந்தின நாள் மழைத் தண்ணீர். அதில் ஒன்று பார்வைக்குத் தெரிந்ததைவிட ஆழம். தடாலென்று ஒரு சத்தம், இடது பின்சக்கரம் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. டயரின் பக்கவாட்டில் நான்கு விரல் நீளத்துக்குக் கிழிசல்.

"ஸ்பேர் இருக்குலா, பத்து நிமிஷம்" என்றான். ஐந்து நட்டுகளைக் கழற்றி, ரிம்மை இழுத்து எடுத்து, ஸ்பேரைத் தூக்கி வந்தான். வைத்துப் பார்த்தான். திருப்பி வைத்துப் பார்த்தான். பிறகு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஸ்பேர் காரோடு வந்தது. அதற்கு நான்கு ஓட்டை. எதிரே அடாப்டரில் ஐந்து போல்ட் நீட்டிக்கொண்டிருந்தது. அடாப்டரைக் கழற்றினால் ஸ்பேர் மாட்டும். ஆனால் அதன் நட்டுகள் சிறிய பள்ளங்களுக்குள் இருந்தன. சாக்கெட் என்கிற ஒல்லியான குழல் ஸ்பேனர் இருந்தால்தான் உள்ளே போகும். இவனுடைய ஸ்பேனர் தடியாக வாசலிலேயே நின்றது.

"மூணு மாசமா ஓட்டுறேன் பெரியம்மா. ஒரு தடவகூட யோசிக்கலயே."

"தர்ஷினி அப்பாவுக்குப் போன் போடட்டுமா?"

"வேணாம் பெரியம்மா, ப்ளீஸ். திரும்பவும் கார் கோளாறுன்னு சொன்னா அவ நம்பவே மாட்டா."

அவன் கண் கலங்கியிருந்தது. அதுவரை அவன்மேல் இருந்த எரிச்சல் எனக்கு அந்த இடத்தில் போய்விட்டது.

கொஞ்ச தூரத்தில் ஒலிபெருக்கியில் யாரோ "ஹலோ, ஹலோ" என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் வந்த திசையில் நடந்தோம். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்துக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில், மறுநாள் சாயந்திரம் திருவிழா. மஞ்சள் வேட்டியும் கையில் காப்புமாக நின்றவர் முனியாண்டி. வாரநாளில் பழக்குலை லோரி ஓட்டுபவர், கோயிலுக்குத் தலைவரும் அவரே. உடனே தன் லோரியிலிருந்த ஸ்பேனர்களை எல்லாம் கொண்டுவந்து காரில் முயன்று பார்த்தார். எல்லாமே லோரிக்கு ஆனவை, ஒன்றும் நுழையவில்லை.

மூவரும் கோயிலுக்குத் திரும்பினோம். கொட்டகையில் அம்மனின் ரதம் பூ அலங்காரத்துக்குக் காத்து நின்றது. இரும்புச் சட்டத்தில் கட்டிய சின்ன ரதம், கீழே ஏதோ பழைய காரின் நான்கு கறுப்புச் சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும். லோகேஷ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் எண்ணினேன். ஐந்து ஓட்டை. அவனுக்குக் கேட்க வாய் வரவில்லை. எனக்கென்ன வெட்கம்?

"தம்பி, அதுல ஒண்ணு ஒரு ராத்திரிக்குக் குடுப்பீங்களா?"

முனியாண்டி திகைத்துவிட்டார். "அம்மா, அது ஆத்தா வண்டிமா!"

"ஆத்தா நாளைக்குச் சாயந்திரம்தானே கிளம்புறா? இவன் பொண்டாட்டி அஞ்சு மணிக்குமேல காத்திருக்க மாட்டா."

நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் ஒரு நேரம் ரதத்தைப் பார்த்தார், ஒரு நேரம் லோகேஷைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "மத்தியானம் என்னா சாப்பிட்டீங்க?"

நண்டு என்று நான் சொன்னதும் இரண்டடி பின்வாங்கினார். "அப்போ நீங்க ரெண்டு பேரும் சக்கரத்தத் தொடக்கூடாது. நாங்க விரதக்காரங்க மாட்டி விடுறோம். அது உங்க கார்ல இருக்குற வரைக்கும் கவுச்சி ஆகாது. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள இங்க இருக்கணும்."

லோகேஷ் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தான். விரதக்காரர் இருவர் ரதத்தின் ஒரு மூலைக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றி, உருட்டிக்கொண்டு வந்து காரில் வைத்துப் பார்த்தார்கள். ஐந்து போல்டும் சரியாக உள்ளே போயின. மூன்று பளபளப்புச் சக்கரம், ஒரு குங்குமச் சக்கரம் என்று மெல்ல ஊர்ந்து போனோம்.

சுங்கை ஆயர் தாவாரில் அவர்கள் வீட்டு வாசலில் நின்றபோது ஐந்தடிக்கப் பத்து நிமிடம். தர்ஷினி குழந்தையோடு வெளியே வந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே காரைச் சுற்றி வந்து நான்காவதில் நின்றாள்.

"இது என்னா?"

லோகேஷ் சொன்னான். சாக்கு எதுவும் சேர்க்காமல் சொன்னான். அதற்குள் சம்பந்தியம்மா உள்ளே ஓடிக் கற்பூரத் தட்டு கொண்டுவந்து சக்கரத்துக்குக் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மருமகனை வா என்று அதுவரை கேட்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு நாட்டுக்கோழிப் பிரட்டல். வாசனை தெருவரை வந்தது. லோகேஷ் கோழி இல்லாமல் சோற்றில் கை வைக்காத ஆள். தட்டில் வைக்கப் போன கரண்டியைக் கையால் மறித்தான்.

"எனக்கு ரசம் போதும் அத்தை."

தர்ஷினி நிமிர்ந்து பார்த்தாள். "சாப்பிடு. இங்க யாரு வந்து பாக்கப் போறா?"

"முனியாண்டி அண்ணன்கிட்ட சொல்லிட்டு வந்தேன்லா."

அவள் அப்பளம் ஒன்றை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். நானும் ரசம்தான் சாப்பிட்டேன். அந்தக் கோழியை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

ஞாயிறு காலை தர்ஷினியின் அப்பா தெரிந்த டயர் கடையில் ஒல்லி சாக்கெட் ஒன்று வாங்கி வந்தார். நான் சமாதானம் பேச வாயைத் திறப்பதற்குள் தர்ஷினி சொல்லிவிட்டாள்: "ஆத்தா சக்கரத்தக் குடுக்குற வரைக்கும் வரேன் பெரியம்மா. அப்பா வேன்ல பின்னால வருவாரு."

லோகேஷுக்குப் புரிந்தது. சக்கரம் இறங்கியதும் அவள் வேனில் ஏறித் திரும்பிப் போய்விடலாம். அவள் காரில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். புது சீட் பிளாஸ்டிக்கோடு பக்கத்தில் கிடந்தது.

பதினொன்றரைக்குக் கோயிலில் இருந்தோம். ரதம் மரக்கட்டையில் ஒரு காலை வைத்துக்கொண்டு காத்திருந்தது. முனியாண்டி சக்கரத்தைக் கழற்றி வாங்கி, வாளித் தண்ணீரில் மஞ்சள் கரைத்து ஊற்றி, "சொன்ன நேரத்துக்கு முன்னயே வந்துட்டீங்க தம்பி" என்றார். தர்ஷினிக்கு அது காதில் விழுந்தது.

லோகேஷ் சாக்கெட்டைப் போட்டு அந்த அடாப்டரைக் கழற்றிவிட்டு, ஒல்லியான ஸ்பேரை மாட்டினான். நான்கே நட்டு. முதலாவதை இறுக்கினான், கடைசி வரை போனான், மறுபடி முதலாவதுக்கு வந்தான். எழுந்தால் பயணம் முடிந்துவிடுமே.

"இனி இறுக்குனா போல்ட்டு அறுந்துடும்டா" என்றேன்.

எழுந்திருக்காமலே, திரும்பாமலே சொன்னான்: "மத்த மூணையும் கழட்டிடறேன் தர்ஷினி."

"எப்போ?"

"நாளைக்கு. பழைய ரிம் வீட்ல இருக்கு."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேனை நோக்கி நடந்தாள். வேன் கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு பெரிய பையையும் குழந்தை சாமான் கூடையையும் அவள் அப்பா எடுத்துக் கொடுத்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே கட்டி வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள், கள்ளி.

காரின் பின்பெட்டியில் கிழிந்த டயர் மேல் பையை வைத்தாள். பின்சீட்டுக்கு வந்து குழந்தை சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து எறிந்தாள். "புள்ளைக்கு வேர்க்காது? இதக்கூடப் பிரிக்கத் தெரியல." குழந்தையை உட்காரவைத்துப் பெல்ட்டைப் பூட்டினாள். பிறகு குனிந்து ஸ்பேர் சக்கரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கரைப் படித்தாள்.

"எம்பதுக்கு மேல போகக்கூடாதுன்னு போட்டிருக்கு. பாத்தியா?"

"பாத்தேன்லா" என்றான் லோகேஷ்.

சாயந்திரம் வரை இருந்து ரத வடம் பிடித்துவிட்டுப் போகச் சொன்னார் முனியாண்டி. இந்த வேகத்தில் போனால் வீடு சேர நேரமாகும் என்று விபூதியோடு விடைபெற்றோம். ஆகவே வாசகர்களே, கோலசிலாங்கூர் மின்மினி எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். பட்டப்பகலில் இரண்டு முறை அந்த ஊரைக் கடந்த ஆள் நான். தைப்பிங்கில் எங்கள் வீட்டுச் செடியில் எப்போதாவது ஒன்று வரும், அது போதும்.

செகிஞ்சானில் எங்களை ஒரு பழக்குலை லோரி முந்தியது. தஞ்சோங் காராங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் முந்தியது, ஓட்டியவருக்கு எழுபது வயதுக்குக் குறையாது. யாரையும் முன்னால் விடாத என் தங்கை மகன் அத்தனை பேருக்கும் ஒதுங்கி வழி கொடுத்தான். பின்னால் குழந்தை தூங்கியது, பிறகு அதன் அம்மாவும் தூங்கினாள். உலு யாம் வரை ஒருமுறைகூட அவன் எண்பதைத் தாண்டவில்லை.